புது தையல் மெஷின் வாங்கப் போகிறீர்களா? நீங்கள் தைக்கும் துணியையும் கடைக்கு எடுத்துப் போங்கள்

ஈரோட்டில் தையல் மெஷின் பழுது பார்ப்பதும், புதிதாக வாங்கியவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். "வாங்கி ஒரு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள ரிப்பேர்" என்று என்னிடம் வரும் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் பழுதே இருப்பதில்லை. ஊசி திருப்பி மாட்டப்பட்டிருக்கும். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் நூல் உட்கார்ந்திருக்காது. அல்லது அந்த வீட்டில் தைக்கிற துணிக்கும் அந்த மெஷினுக்கும் பொருத்தமே இருக்காது. முதல் இரண்டையும் ஐந்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவேன். மூன்றாவதற்கு என்னிடம் மருந்தில்லை. மெஷின் பரணுக்குப் போய்விடும். "எனக்குத் தையல் வராது" என்று அந்தப் பெண் முடிவுகட்டிவிடுவார். பணம் போனதைவிட அந்த முடிவுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது.

கடைக்குப் போனதும் எத்தனை வகைத் தையல் போடும் என்பதைத்தான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். பூ, இலை, அலை என்று பெட்டி மேலே படம் போட்டிருப்பார்கள். வீட்டில் தைப்பவர்களுக்கு நேர்த்தையல், ஜிக்ஜாக், பட்டன் துளை இந்த மூன்றும்தான் தினசரி வேலைக்கு வேண்டும். மற்றவை முதல் வாரம் ஆசைக்குப் போட்டுப் பார்ப்பதோடு சரி. அதனால் முதல் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: அடுத்த ஒரு வருடம் நான் என்ன தைக்கப் போகிறேன்?

ரவிக்கை, உள்பாவாடை, பள்ளிச் சீருடை, சேலைக்கு ஃபால்ஸ் என்பதுதான் பதில் என்றால், நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிற கறுப்பு மிதி மெஷினையே நான் இன்றும் சொல்வேன். நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஆனால் அதை நன்றாகப் போடும். மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. ஸ்பேர் பார்ட்ஸ் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார். கால் வலி வந்தால் பிற்பாடு ஒரு மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். இடத்தை அடைக்கும் என்பது ஒன்றுதான் குறை.

வாடகை வீடு, அடிக்கடி இடம் மாறுவீர்கள், தைத்து முடித்ததும் அலமாரியில் எடுத்து வைக்க வேண்டும், குழந்தைத் துணி, நைட்டி, ஓரம் பிரியாமல் ஜிக்ஜாக் என்று கலந்து தைப்பீர்கள் என்றால் மேசை மேல் வைக்கும் ஜிக்ஜாக் மெஷின் வசதி. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வெளி உடல் பிளாஸ்டிக், மோட்டார் சிறியது. நாள் முழுக்க ஜீன்ஸ் ஓரம் மடித்து அடிக்கக் கொடுத்தால் திணறும்.

நாளுக்கு ஆறேழு மணி நேரம் உட்கார்ந்து, வருமானத்துக்காகத் தைப்பவர்களுக்குத்தான் பவர் மெஷின், அதாவது கம்பெனிகளில் ஓடும் வேகமான மோட்டார் மெஷின். நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடும் மாடல்கள் இருக்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு அந்த வேகம் பயத்தைத்தான் தரும். பெடலை அழுத்தும்போது மட்டும் ஓடுகிற சர்வோ மோட்டார் உள்ளதாகப் பார்த்து வாங்கி, வேகத்தைக் குறைத்து வைத்து ஆரம்பிக்கலாம். பழைய கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காமல் உட்கார்ந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், மின் கட்டணம் ஏறும், மாடி வீட்டில் அதிர்வும் கேட்கும். ஈரோடு, திருப்பூர் பக்கம் கம்பெனியில் ஓடிய மெஷின்கள் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. வாங்குமுன் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள். எண்ணெய் கறுத்துப்போய் அடியில் இரும்புத்தூள் படிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் மலிவு விலைக்கு வருகிற கையடக்க மெஷின்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடிப்பவை பெரும்பாலும் ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுபவை. கடைசியில் முடிச்சுப் போடாமல் விட்டு, அந்த முனையை இழுத்தால் மொத்தத் தையலும் உருவிக்கொண்டு வந்துவிடும். பேட்டரியில் ஓடும் குட்டி மெஷின்களில் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். நான்கு மடிப்புத் துணி வந்தாலே நின்றுவிடும். பெண் குழந்தை தையல் பழகட்டும் என்று இதை வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளை பழகுவதெல்லாம் நூல் அறுவதை மட்டும்தான். அந்தப் பணத்தை மேலும் கொஞ்சம் சேர்த்து, நல்ல நிலையில் உள்ள பழைய மிதி மெஷின் வாங்குங்கள்.

இனி கடையில் ஓட்டிப் பார்ப்பது. இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம். கடைக்காரர் விறைப்பான காட்டன் துணியை இரண்டாக மடித்து, வேகமாக ஒரு கோடு ஓட்டிக் காட்டுவார். அந்தத் துணியில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். உங்கள் வீட்டிலிருந்து டூ பை டூ ரவிக்கைத் துணி, அதற்கு வைக்கிற லைனிங், மெல்லிய வாயில் (voile) சேலைத் துண்டு, கொஞ்சம் பனியன் துணி, ஜீன்ஸ் ஓரம் என்று ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். மெல்லிய துணியில் சுருக்கம் விழுகிறதா, கைக்குழி இணையும் இடத்தில் எத்தனை மடிப்பு வருமோ அத்தனை மடிப்பை வைத்தால் ஊசி இறங்குகிறதா என்று பாருங்கள். பெடலை லேசாக அழுத்தினால் ஒவ்வொரு தையலாக மெதுவாக நகர வேண்டும். அழுத்தியதும் பாய்கிற மெஷின் பழகுபவருக்கு ஆகாது. தைத்ததைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கமும் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடை, நாளை சர்வீஸுக்கு எப்படி இருக்கும் என்பதை இன்றே சொல்லிவிடுகிறது. கிளம்புமுன் பாபின் (அடிநூல் சுற்றும் சின்ன உருளை), பாபின் கேஸ் (அது உட்காரும் கூடு), பெல்ட் மூன்றும் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். பாபின்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உயரத்தில் நூலிழை வித்தியாசம் உண்டு. மாற்றிப் போட்டால் அடிநூல் சிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உடனே ரவிக்கை வெட்ட உட்காராதீர்கள். நூல் கோர்க்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் ஊசியை மட்டும் ஓட்டுங்கள். நேர்க்கோடு, பிறகு சதுரம், பிறகு வளைவு, கடைசியில் சுருள். மூலையில் ஊசி தாளுக்குள் இறங்கியிருக்கும்போதே, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கித் திருப்பப் பழகுங்கள். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கியிருக்கும், துணிக்கு வரும்போது புது ஊசி போடுங்கள். மிதி மெஷினில் சக்கரம் எப்போதும் உங்களை நோக்கியே சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் நூல் அந்த இடத்திலேயே சிக்கி அறும். முதல் சுற்றைக் கையால் தள்ளிவிட்டு, பிறகு கால் அதைத் தொடர வேண்டும்.

இருபது வருடம் மிதி மெஷினில் தைத்த அம்மாக்கள் மோட்டாருக்கு மாறும்போது வேறொரு சிரமம் வருகிறது. கால் பழைய பழக்கத்தில் முன்னும் பின்னும் ஆடும், மெஷின் திக்கித் திக்கி ஓடும். "எனக்கு இனிமே வராது தம்பி" என்பார்கள். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் அழுத்தச் சொல்வேன். கை ஏற்கெனவே தேர்ந்த கை. கால் மட்டும் புதிதாகப் படிக்க வேண்டும், அதற்கு ஒரு வாரம் கொடுத்தால் போதும்.

துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். அடியில் உள்ள பல் தானே நகர்த்தும், கை வழிகாட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து, அது இறங்கும் துளையுள்ள பிளேட்டில் மோதும். பிளேட்டில் விழும் அந்தச் சின்னப் பிசிறு பிறகு மாதக்கணக்கில் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு வரும் தொலைபேசிகளில் அதிகம் கேட்பது, "அடியில் நூல் கூடு கட்டுது" என்பது. அடியில் தெரிவதால் எல்லோரும் பாபின் கேஸைக் கழற்றி அதன் திருகைத் திருகுகிறார்கள். காரணம் பெரும்பாலும் மேலேதான். ஃபுட் கீழே இருக்கும்போது நூல் கோர்த்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாமல் வெளியே நிற்கும். மேல்நூலுக்குப் பிடிமானம் இல்லாததால் அது முழுவதும் கீழே போய்க் குவிகிறது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள், மேலும் கீழும் போகிற லீவரில் நூல் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மட்டும் திருகைத் தொடலாம். தொடுமுன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம்.

ஊசியைப் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. "அதான் உடையலையே" என்பார்கள். மழுங்கிய ஊசி உடையாது, துணியைக் கெடுக்கும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பட்டுக்கும் வாயிலுக்கும் 11, ரவிக்கைத் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16. பனியன் துணியில் தையல் விட்டு விட்டு விழுந்தால் முனை உருண்டையாக இருக்கும் பால் பாயிண்ட் ஊசி கேட்டு வாங்குங்கள். வீட்டு மெஷின் ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மெஷின் ஊசியின் தலை உருண்டை. ஒன்றை மற்றதில் போடக்கூடாது.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நல்லெண்ணெயும் வேண்டாம். சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகி, மெஷின் இறுகிப்போகும். தையல் மெஷினுக்கென்று விற்கும் வெள்ளை எண்ணெய் ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும்.

நூல் கோர்க்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், மின்சார மெஷின் என்றால் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். விரலில் ஊசி ஏறியவர்களில் பலர் தைத்துக்கொண்டிருந்தபோது அடிபடவில்லை, கோர்த்துக்கொண்டிருந்தபோதுதான் அடிபட்டார்கள். முந்தானையையும் பின்னலையும் துப்பட்டாவையும் ஒதுக்கிச் செருகிவிட்டு உட்காருங்கள். மிதி மெஷினின் பெரிய சக்கரத்தை மூடுகிற காப்புத் தகட்டை, பெல்ட் மாட்ட இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அது இல்லாமல் மெஷினை ஓட்டவே கூடாது.

வாங்கும் வசதி இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாடு சமூக நலத் துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பிக்கலாம். தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கேட்பார்கள், ஆகவே பயிற்சியை முதலில் முடித்துவிட்டு மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள்.

மெக்கானிக்கைத் தேடி வருமுன், தப்பாகத் தைத்த அதே துணித்துண்டு, தைத்த நூல்கண்டு, மாட்டியிருந்த ஊசி, பாபின் கேஸ் இந்த நான்கையும் எடுத்து வாருங்கள். தையலைப் பிரிக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். பல சமயம் இவற்றைப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிடலாம், மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும் செலவு மிச்சம்.