மதியம் தலை தொங்கினால் தாகம் என்று அர்த்தமில்லை

ஏப்ரல் பிறந்ததும் காப்பாற்றித் தரச் சொல்லி வரும் ஹைட்ரேஞ்சியா (ஊட்டிப் பக்கம் பந்து பந்தாகப் பூக்கும் செடி) தொட்டிகளில் பெரும்பாலானவை ஒரே கோலத்தில்தான் வருகின்றன. இலை துவண்டிருக்கும், மண் சேறாகியிருக்கும், வேர் பழுப்பேறிக் குழைந்து நாறும். "மூணு வேளையும் தண்ணி ஊத்தினோமே" என்பார்கள். அதனால்தான் ஐயா, அதனால்தான்.

இந்தச் செடியின் இலை அகலமானது, மெல்லியது. சென்னையில் மதிய வெயில் 38 டிகிரியைத் தொடும்போது, வேர் எவ்வளவு உறிஞ்சினாலும் இலை இழக்கும் ஈரத்துக்கு ஈடுகொடுக்காது. இலை தளர்கிறது. மண்ணில் ஈரம் இருந்தாலும் தளரும். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். இதைத் தாகம் என்று நினைத்து ஒரு மக், மாலையில் இன்னொரு மக் என்று ஊற்றினால் மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் போகும். மூச்சுமுட்டிய வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை எடுக்க முடியாது, இலை மேலும் வாடும். உடனே இன்னொரு மக்!

மக்கைக் கீழே வையுங்கள். விரலை மண்ணில் 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும், காலை 7 மணிக்குள், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். பரிசாக வந்த செடியென்றால் தொட்டியைச் சுற்றியிருக்கும் ஜிகினாத் தாளை முதல் நாளே கிழித்துவிடுங்கள். தண்ணீர் அதற்குள்தான் தேங்கும். கவலைப்பட வேண்டியது விடிகாலை வாட்டத்துக்குத்தான். 6 மணிக்கும் துவண்டிருந்து மண் ஈரமாக இருந்தால் வேர் போயிருக்கிறது. வெளியே எடுத்து, அழுகியதை வெட்டி, புதுக் கலவையில் நட்டு, இலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, வெளிச்சமான நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். பாதி வேராவது வெள்ளையாக இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

இடம்: கிழக்கு பார்த்த பால்கனி. காலை 9 மணி வரை வெயில் போதும். மொட்டை மாடி வேண்டாம். ஷேட் நெட் கட்டினாலும் தளத்திலிருந்து எழும் அனல் தொட்டியைச் சுடும். ஏ.சி.யின் வெளி யூனிட் ஊதும் திசையில் வைத்துவிட்டு "இலை கருகுது" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

தொட்டி 12 அங்குலம், மண்தொட்டியானால் நல்லது. செம்மண், மக்கிய இலை உரம், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) தலா ஒரு பங்கு, பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் வெள்ளைக் கல்துகள்) அரைப் பங்கு. கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை நீக்கிவிட்டுச் சேருங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. உப்பும் சுண்ணாம்பும் ஏறிய போர் தண்ணீரில் இலை ஓரம் கருகும், நரம்பு பச்சையாக இருக்க இடையில் மஞ்சளாகும். ஆர்.ஓ. கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் இதற்கு ஊற்றுகிறார்கள். அது உப்பை இன்னும் கெட்டியாக்கிக் கொடுப்பது. வீடு கழுவுங்கள், பாத்திரம் அலசுங்கள், இதற்கு வேண்டாம். மழைநீர் உத்தமம். ஏ.சி. குழாயில் சொட்டுவதையும் பிடித்து ஊற்றலாம்.

நீலப் பூ வேண்டுமென்று துருப்பிடித்த ஆணி புதைப்பதையும் நிறுத்துங்கள். நிறம் தருவது அலுமினியம், இரும்பு அல்ல. அதுவும் மண் அமிலமாக, பி.எச். என்ற அமில-கார அளவீட்டில் 5.5 அளவில் இருந்தால்தான் வேருக்குக் கிடைக்கும். வெள்ளை ரகம் எதைப் போட்டாலும் நீலமாகாது.

அடுத்த வருடம் பூக்கவில்லையே என்றால், குற்றம் உங்களுடையதல்ல. மொட்டு உருவாகப் பல வாரங்கள் 18 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். ஊட்டியில் அது தானாகக் கிடைக்கிறது, நம் மார்கழி இரவுகளோ 20-ஐச் சுற்றியே நின்றுவிடும். உரத்தை இரட்டிப்பாக்கிப் பயனில்லை, இலைதான் கொழுக்கும். காய்ந்த பூங்கொத்தை மட்டும் அதற்குக் கீழே உள்ள முதல் இலை ஜோடிக்கு மேல் வெட்டுங்கள். தண்டை ஒட்ட நறுக்கினால் வரக்கூடிய ஒன்றிரண்டு மொட்டும் போய்விடும்.

நாய், பூனை வளர்ப்பவர்களே, இதன் இலையும் மொட்டும் அவற்றுக்கு நஞ்சு. தொட்டியைக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள்.