தழும்பைப் பார்த்து பூஸ்ட் போடுவதை எப்போது விடப் போகிறோம்?

மார்பகப் புற்றுநோய்க் கட்டியை எடுத்தபின் கொடுக்கும் கதிர்வீச்சில், கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகப் போடுவதுதான் பூஸ்ட். மார்பகத் தழும்பைச் சுற்றி 2 செ.மீ. கூட்டி ஒரு கோடு, அதே அளவில் கட்-அவுட் (கற்றைக்கு வடிவம் தரும் திறப்புள்ள தகடு), எலக்ட்ரான் ஆற்றல் வழக்கம்போல் 9 எம்.இ.வி. சி.டி. ஸ்கேனைத் திறந்தே பார்க்காமல் போட்ட இத்தகைய எலக்ட்ரான் பூஸ்ட் பிளான்கள் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

தழும்பு, கத்தி உள்ளே போன வழி. அவ்வளவுதான். முலைக்காம்பின் கருவளையத்தை ஒட்டிக் கீறி, அக்குள் பக்கத்துக் கட்டியை எடுத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே பல செ.மீ. இருக்கும். ஆன்கோபிளாஸ்டிக் முறையில் திசுவை நகர்த்தித் தைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கட்டியை எடுத்த குழியில் தேங்கும் நீரான சீரோமாவைப் பார்த்து வரையலாம் என்றால், கீமோ முடிந்து வருவதற்குள் அது சுருங்கிவிடுகிறது. மிஞ்சுவது ஆபரேஷனின்போது அடையாளமாக உள்ளே வைக்கும் டைட்டானியம் கிளிப்தான். அறுவை சிகிச்சை செய்பவர்களே, குழியின் நான்கு சுவர்களிலும் அடியிலும் ஒவ்வொன்று வையுங்கள். எத்தனை என்று ஆபரேஷன் குறிப்பில் எழுதுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

கிளிப் தெரிந்தால் ஆழம் தெரியும். ஆற்றலை 3.2ஆல் வகுத்தால், 90 சதவீத டோஸ் எட்டும் ஆழம் ஏறக்குறைய செ.மீ.யில் வரும்: 9க்கு 2.8, 12க்கு 3.75. அடிக் கிளிப் 3.5 செ.மீ.யில் கிடக்க 9 போட்டால் கட்டி இருந்த இடத்தின் அடிப்பகுதி பட்டினிதான். எதற்கும் இருக்கட்டுமென்று 15 போட்டால் நுரையீரலுக்குள் போகும். அடர்த்தி குறைந்த அந்த இடத்தில் எலக்ட்ரான் மூன்று நான்கு மடங்கு தூரம் ஓடும். இடப்பக்கமென்றால் இதயமும் இருக்கிறது. ஆற்றலைக் கூட்டினால் தோல் தப்பும் என்பது போட்டான் (எக்ஸ்ரே வகைக் கதிர்) கணக்கு. எலக்ட்ரானில் தோல் டோஸும் சேர்ந்தே ஏறும். 4 செ.மீ.யைத் தாண்டினால் போட்டானுக்கு மாறிவிடுங்கள்.

ஆழத்தில் 90 சதவீத டோஸ் எட்டும் எல்லைக் கோடு உள்ளே ஒடுங்கும். எனவே கட்-அவுட் ஒவ்வொரு பக்கமும் இலக்கைவிட 1 செ.மீ.யாவது அகலமாக இருக்கட்டும். சிறிய கட்-அவுட் என்றால் அவுட்புட்டை (எந்திரத்திலிருந்து வரும் டோஸ் அளவை) அளந்து பாருங்கள், அட்டவணையை நம்பாதீர்கள். பீம் (கதிர்க் கற்றை) தோலுக்குச் செங்குத்தாக விழும்படி, எந்திரத்தின் சுழலும் கையான கேன்ட்ரியைச் சாயுங்கள். விலா எலும்பும் நுரையீரலும் குறுக்கிடும் இடத்தில் டோஸைக் கணிக்கும் பென்சில் பீம் என்ற கணினிக் கணக்கு தடுமாறும். அதைவிடத் துல்லியமான மான்டி கார்லோ கணக்கு இருந்தால் அதில் போடுங்கள். வாங்கி வைத்துவிட்டு ஏன் சும்மா விடுகிறார்களோ!

கரண்டு வைக்க வரும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆபரேஷனுக்கு முந்தைய மேமோகிராமையும் ஆபரேஷன் குறிப்பையும் கையோடு கொண்டுவாருங்கள். வரைந்த கோட்டைத் தேய்த்துக் குளிக்காதீர்கள். மங்கிவிட்டால் வீட்டுப் பேனாவால் நீங்களே வரைய வேண்டாம், டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.