ஸ்டாக் வந்ததும் போகும் மெயில்: பட்டன் வைப்பதற்கு முன்

ஆன்லைன் கடைகளுக்கு நிரல் எழுதுவது என் தொழில். ‘ஸ்டாக் வந்ததும் தெரிவிக்கவும்’ என்று ஒரு பட்டன் வேண்டும் எனப் பல கடைக்காரர்கள் கேட்பார்கள். பட்டனை வைப்பது சின்ன வேலை. மெயில் எப்போது, யாருக்குப் போக வேண்டும் என்பதில்தான் கவனம் தேவை.

ஆரம்பத்தில் ஒரு கடைக்கு நான் எழுதிய விதி இதுதான்: இருப்பு பூஜ்யத்தைத் தாண்டினால் காத்திருக்கும் எல்லாருக்கும் மெயில். ஒருநாள் யாரோ ஒரு ஜோடி காலணியைத் திருப்பி அனுப்பினார். இருப்பு ஒன்றானது, காத்திருந்த அத்தனை பேருக்கும் மெயில் போய்விட்டது. ஒருவர் வாங்கினார். மற்றவர்கள் ஆசையாக வந்து மறுபடியும் ‘இருப்பில் இல்லை’ என்பதைத்தான் பார்த்தார்கள். அவர்கள் எழுதிய கோபமான பதில்களை உட்கார்ந்து படித்தேன். எல்லாமே நியாயமான கோபம்.

சரக்கே வராமலும் இருப்பு ஏறும். ஆன்லைன் கடை நடத்தும் மென்பொருளான வூகாமர்ஸில், பணம் கட்டாமல் நிற்கும் ஆர்டருக்காக ஸ்டாக்கைப் பிடித்துவைக்கும் அமைப்பு உண்டு. நாம் மாற்றாவிட்டால் அது 60 நிமிடம். நேரம் தாண்டியதும் ஆர்டர் ரத்தாகி ஸ்டாக் திரும்பிவிடும். நிரலுக்கு அதுவும் புதுச் சரக்கு மாதிரிதான் தெரியும்.

அதனால் இப்போது குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்று வைக்கிறேன். இருப்பு அதைத் தொட்டாலும் கொஞ்ச நேரம் பொறுத்து, எண் நிலையாக இருந்தால்தான் மெயில். பத்து உருப்படி வந்தால், முதலில் பதிவு செய்த இருபது முப்பது பேருக்கு மட்டும். சில மணி நேரம் கழித்தும் மிச்சம் இருந்தால் அடுத்தவர்களுக்கு. அனுப்பியவர்களைக் குறித்துவைக்காவிட்டால் அதே ஆளுக்கு இரண்டாவது மெயில் போகும். அப்புறம், எந்த அளவு, எந்த நிறம் கேட்டாரோ அதற்குத்தான் பதிவு. மெயிலில் உள்ள இணைப்பும் நேராக அதையே திறக்க வேண்டும்.

முகவரியை அவர் கொடுத்தது இந்த ஒரு பொருளுக்காக. அதைச் சத்தமில்லாமல் விளம்பரப் பட்டியலில் சேர்ப்பது தவறு. விளம்பரத்துக்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள். இதில் கடைக்கே நஷ்டமும் இருக்கிறது: கேட்காத விளம்பரம் வந்தால் ஆட்கள் அதை ஸ்பேம் என்று புகார் செய்வார்கள். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் மெயில் உண்மையில் அவர்களிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் அமைக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. சிறிய கடையானாலும் புகார் சேர்ந்தால் அதன் டொமைனுக்கு (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) கெட்ட பெயர் வரும். அதே டொமைனிலிருந்து போகும் ஆர்டர் ரசீதும் ஸ்பேமில் விழும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நான் நம்புவதில்லை. 2021-இல் ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பு வந்தபிறகு, யாரும் படிக்காத மெயிலும் திறந்ததாகப் பதிவாகலாம். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பாருங்கள்.

ஒரு பொருள் இனி வரவே வராது என்று முடிவானால், காத்திருப்பவர்களுக்கு அதையும் ஒரு மெயிலில் சொல்லிவிட்டு, அவர்கள் முகவரிகளை அழித்துவிடுங்கள்.