ப்ராசஸரை ஏற்றினீர்கள் சரி, ரேம் எந்த வேகத்தில் ஓடுகிறது?

ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்து, அதாவது நிறுவனம் வைத்த வேகத்தைத் தாண்டி, 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியாகிவிட்டது. ஆனால் கேமில் எதிர்பார்த்த மாற்றம் இல்லை, நடுநடுவே விண்டோஸ் நின்றுபோய்க் காட்டும் நீலத்திரை வேறு. இப்படிப் பழுது பார்க்க வரும் கணினிகளில் நாம் முதலில் திறப்பது டாஸ்க் மேனேஜரைத்தான். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கினால் ‘ஸ்பீட்’ என்று ஓர் எண் வரும். பெட்டியின் மேல் 3600 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேம், அங்கே 2133 அல்லது 2400 என்று நிற்பது அடிக்கடி காணும் காட்சி. இதற்கு நேர் எதிரானதும் உண்டு. 4400 ரேமை வாங்கி, அதே எண்ணை பயாஸில் (கணினி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போட்டுவிட்டு, முன்பிருந்ததைவிட மந்தமான கணினியை வைத்திருப்பவர்கள் பலர். ரேமையும் ப்ராசஸரையும் தனித்தனிப் பொருளாக எண்ணுவதால் வரும் வினை இரண்டுமே.

இரண்டும் எப்படிக் கட்டுண்டு கிடக்கின்றன என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். வேண்டிய தரவு கேஷில் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) இல்லாவிட்டால், கணக்கிடும் பகுதியான கோர், ரேம் வரை போய்வர வேண்டும். அதற்கு 80 நானோவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 4.5 கிகாஹெர்ட்ஸ் கோர் அதற்குள் 360 சுற்றுகளை வீணாக்கும். அதையே 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் வீணாவது 400 சுற்று. கோரை விரட்டியதால் ரேம் சீக்கிரம் பதில் சொல்லப்போவதில்லை, வீணாகும் சுற்றுகள்தான் கூடுகின்றன. வீடியோ ரெண்டர் போல கேஷுக்குள்ளேயே பெரும்பாலும் முடியும் வேலையில் இது உறைக்காது. கேம், பெரிய விரிதாள், கோட் கம்பைல் போன்றவற்றில் நன்றாகவே உறைக்கும். 96 எம்பி எல்3 கேஷோடு 2022-ல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ்3டி போன்ற சிப்புகளில் ரேம் வேகம் அவ்வளவாக முக்கியமில்லாமல் போனதற்கும் காரணம் இதுதான்: ரேம் வரை போகவேண்டிய தேவையே குறைந்துவிட்டது.

எண்களைப் படிக்கும் முறையில் பலர் சறுக்குகிறார்கள். டிடிஆர்4-3200 என்றால் வினாடிக்கு 320 கோடிப் பரிமாற்றம். ரேமின் கடிகாரம் ஓடுவது அதில் பாதி, 1600 மெகாஹெர்ட்ஸ். சிபியூ-இசட் மென்பொருளில் 1600 என்று பார்த்துவிட்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்தது சிஎல் என்ற டைமிங், அதாவது கேட்ட தரவைத் தர ரேம் எடுத்துக்கொள்ளும் சுற்றுகளின் எண்ணிக்கை. அதை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேக எண்ணால் வகுத்தால் நானோவினாடி கிடைக்கும். 3200 சிஎல்16 என்றால் 10. 3600 சிஎல்18 என்றாலும் 10. அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5-6000 சிஎல்30 போட்டாலும் அதே 10-தான். ஆனால் 4800 சிஎல்40 என்றால் 16.7. பெரிய எண் கொண்ட ரேம் எல்லாம் சுறுசுறுப்பானது அல்ல என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடும்.

வேகத்தைத் தொடும் முன் மூடியைத் திறந்து ரேம் செருகும் ஸ்லாட்டைப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு ரேம் என்றால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகினால் பெரும்பாலான போர்டுகளில் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான தரவுப் பாதைகளில் ஒன்று, அதாவது ஒரே சேனல்தான் வேலை செய்யும். 3200-ல் இரட்டை சேனல் தருவது வினாடிக்கு 51.2 ஜிபி, ஒற்றை சேனல் தருவது 25.6. இதைச் சரிசெய்யாமல் ஓவர்கிளாக் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

விகிதம் எங்கே உடைகிறது

ப்ராசஸருக்குள் ரேமோடு பேசும் பகுதிக்கு மெமரி கன்ட்ரோலர் என்று பெயர். அதற்கென்று தனிக் கடிகாரம் உண்டு. ரேமின் கடிகாரமும் இதுவும் ஒன்றுக்கொன்று சமமாக ஓடும்வரை தாமதம் குறைவு. ரேமை ஓர் எல்லைக்கு மேல் ஏற்றினால் கன்ட்ரோலரால் ஈடுகொடுக்க முடியாது. அப்போது போர்டு கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. கணினி வழக்கம்போல் எழும், ரேம் வேகம் என்று பெரிய எண்ணையே காட்டும், உள்ளே தாமதம் மட்டும் கூடியிருக்கும்.

ரைசன் 3000, 5000 வரிசைகளில் மூன்று கடிகாரங்கள் சேர்ந்து ஓட வேண்டும்: ரேமுடையது எம்கிளாக், கன்ட்ரோலருடையது யூகிளாக், சிப்பின் உள்பாதையான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்குடையது எஃப்கிளாக். டிடிஆர்4-3600 போட்டால் மூன்றும் 1800-ல் நிற்கும். ஏறக்குறைய எல்லாச் சிப்பும் இதைத் தாங்கும். 3800-க்கு 1900 வேண்டும், அது சிப்பின் தரத்தைப் பொறுத்தது. 4000 போட்டு மற்றதை ஆட்டோவில் விட்டால் எம்கிளாக் 2000, யூகிளாக் 1000 என்று விகிதம் உடையும். இந்த வரிசைகளில் 4000-ஐவிட 3600 வேகமாகத் தெரிவது இதனால்தான். பயாஸ் என்ன சொல்கிறது என்பதை மட்டும் நம்பாமல், விண்டோஸுக்குள் ஜென்டைமிங்ஸ் கருவியைத் திறந்து மூன்று எண்களையும் கண்ணால் பாருங்கள்.

2022-ல் வந்த ரைசன் 7000-ல் கணக்கு மாறியது. இங்கே எஃப்கிளாக் தனியே 2000 பக்கம் ஓடும், அதை ரேமோடு சமப்படுத்தத் தேவையில்லை. எம்கிளாக்கும் யூகிளாக்கும் சமமாக இருந்தால் போதும். டிடிஆர்5-6000-ல் இரண்டும் 3000. 6400-க்குப் போனால் பல போர்டுகள் யூகிளாக்கைப் பாதியாக்கிவிடும். இன்னொரு தடையும் இருக்கிறது. 8 கோர் வரையிலான சிப்புகளில் கோர்கள் எல்லாம் ஒரே சிலிக்கான் துண்டில் இருக்கும். அந்தத் துண்டு எஃப்கிளாக்கின் ஒரு சுற்றில் படிக்கக்கூடியது 32 பைட், அதாவது 2000-ல் வினாடிக்கு 64 ஜிபி. இரட்டை சேனல் 6000 ரேம் ஏற்கெனவே 96 ஜிபி தரக்கூடியது. குழாய் சிறிதாக இருக்கும்போது தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்? இங்கே 6000 சிஎல்30 வாங்கி நிறுத்திக்கொள்வதே நல்லது.

இன்டெலில் இதே விஷயம் 11-ஆம் தலைமுறையிலிருந்து கியர் என்ற பெயரில் வருகிறது. கியர் 1 என்றால் சமம், கியர் 2 என்றால் கன்ட்ரோலர் பாதி. 12-ஆம் தலைமுறையில், வேகத்தை ஏற்ற இடம் தரும் கே வகைச் சிப்பில் டிடிஆர்4 3600 கியர் 1-ல் பொதுவாக நன்றாக ஓடும். கே இல்லாத சிப்பில், மெமரி கன்ட்ரோலர் பகுதிக்கான சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ் பூட்டப்பட்டிருப்பதால் 3600-ஐ எட்டவே திணறும். அங்கே 3200 சிஎல்16 போதும். 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளில் டிடிஆர்5 எப்படியும் கியர் 2-ல்தான் ஓடும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

ப்ராசஸரின் வேகம் என்பது பேஸ் கிளாக் என்ற 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரமும் பெருக்கி என்ற எண்ணும் பெருகி வருவது. பெருக்கியை வைத்து ஏற்றினால் ரேம் அசையாது. பேஸ் கிளாக்கை வைத்து ஏற்றினால் ரேமும் கூடவே ஏறும். இது தெரியாமல் 100-ஐ 105 ஆக்கினால் 3600 ரேம் 3780-ல் ஓடும், பிழை விடும், பழி கோர் வோல்டேஜ் மேல் விழும். பேஸ் கிளாக்கைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் ரேமை ஒரு படி இறக்குங்கள். 3466 படியில் வைத்தால் 105-ல் அது 3640 ஆகிவிடும். பெருக்கி திறந்திருக்கும் சிப்பில் பேஸ் கிளாக்கைத் தொடத் தேவையே இல்லை.

எதை முதலில் ஏற்றுவது

இரண்டையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். கோளாறு எங்கிருந்து வருகிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. முதலில் முக்கியமான கோப்புகளை வேறு டிரைவில் நகலெடுத்து, அந்த டிரைவைக் கழற்றி வையுங்கள். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமைப் பெட்டி மேல் உள்ள வேகத்துக்கு ஏற்றும் பயாஸ் அமைப்பு) அணைத்து, ரேமை அதன் அடிப்படை வேகத்தில் விட்டு, ப்ராசஸரை மட்டும் ஏற்றிச் சோதியுங்கள். ப்ராசஸரைக் கடுமையாக வேலைவாங்கும் பிரைம்95 மென்பொருளில் ‘ஸ்மால் எஃப்எஃப்டி’ சோதனை கேஷுக்குள்ளேயே ஓடும், அதனால் அது கோரின் நிலையை மட்டும் காட்டும். கிடைத்த பெருக்கி, வோல்டேஜ், வெப்பம் மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ப்ராசஸரைப் பழைய நிலைக்குத் திருப்பி, எக்ஸ்எம்பியை மட்டும் இயக்குங்கள். டிடிஆர்5 முதல்முறை எழும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். ரேமை போர்டு பழக்கிக்கொள்ளும் நேரம் அது. செத்துவிட்டது என்று நினைத்து மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். எழுந்ததும் யூஎஸ்பியிலிருந்து ரேம் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓடவிடுங்கள், இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். அதன்பின் விண்டோஸில் டெஸ்ட்மெம்5. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிடும் அந்த ஒரு பிட், நாளைக்கு உங்கள் புகைப்படக் கோப்பிலோ விண்டோஸ் ஃபைலிலோ போய் உட்காரும். ப்ராசஸர் நிலைகுலைந்தால் பெரும்பாலும் கணினி நின்றுபோகும், உடனே தெரிந்துவிடும். ரேம் நிலைகுலைந்தால் மாதக்கணக்கில் அமைதியாக டேட்டாவை அரிக்கும். இந்தத் துறையில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

கடைசியாக இரண்டையும் சேர்த்து இயக்கி, பிரைம்95-ஐ ரேமையும் வேலைவாங்கும் ‘லார்ஜ் எஃப்எஃப்டி’யில் ஓட்டுங்கள். தனித்தனியே தேறியவை சேரும்போது விழுவதுண்டு. மெமரி கன்ட்ரோலரும் கோர்களும் ஒரே ப்ராசஸருக்குள் இருந்து வெப்பத்தைப் பகிர்ந்துகொள்பவை. அப்போது வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போவதைவிட கோரில் 100 மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனம்.

கோளாறின் முகத்தைப் பார்த்தே ஓரளவு இடத்தைச் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நீலத்திரைக் குறி, ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது தரவு மாறிவிட்டதைச் சொல்லும் சிஆர்சி பிழை, பிரவுசர் டேப் தானாகச் சாவது, இன்ஸ்டாலர் பாதியில் நிற்பது ஆகியவை வந்தால் ரேமைச் சந்தேகியுங்கள். ‘கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ என்று திரும்பத் திரும்ப வந்தால் கோர் வோல்டேஜ் போதவில்லை. ரைசனில் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து டபிள்யூஹெச்இஏ-லாகர் 19 என்ற ஹார்டுவேர் பிழைப் பதிவுகள் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இருந்தால் எஃப்கிளாக் அதிகம், 33 அல்லது 66 மெகாஹெர்ட்ஸ் இறக்க வேண்டும். சோதனையில் தேறி, கேமில் ஒரு மணி நேரம் கழித்து விழுந்தால் வெப்பத்தைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் சூடான காற்று ரேம் மேல்தான் ஏறுகிறது. டைமிங்கை இறுக்கிய ரேம்களில் 50 டிகிரியைத் தாண்டியதும் பிழை விடுபவை இருக்கின்றன. ஒரு சிறிய மின்விசிறியை ரேம் பக்கம் திருப்பினாலே போதும்.

நான்கு ரேம் போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ரைசன் 7000-க்கு இரண்டு ரேம் என்றால் அதிகாரபூர்வ வேகம் 5200, நான்கு என்றால் 3600. 32 ஜிபி வேண்டுமென்றால் 16 இரண்டாக, ஒரே பெட்டியில் வாங்குங்கள். ஒரே மாடலை இரு முறை தனித்தனியே வாங்கினால் உள்ளே இருக்கும் நினைவகச் சிப் வேறாக இருக்கலாம். எக்ஸ்எம்பி எண் உறுதியளிப்பது ஒரு பெட்டிக்குள் இருக்கும் ரேம்களுக்கு மட்டும்தான்.

வோல்டேஜில் ஆட்டோவை நம்பாதீர்கள். டிடிஆர்4-க்கு எக்ஸ்எம்பி வழக்கமாக எடுப்பது 1.35 வோல்ட். காற்றோட்டம் இருந்தால் 1.45 வரை போகலாம், தினசரிப் பயன்பாட்டுக்கு அதற்கு மேல் வேண்டாம். ரைசன் 5000-ல் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்கான எஸ்ஓசி வோல்டேஜ் 1.1 பக்கம் இருந்தால் நல்லது. ரைசன் 7000-ல் எக்ஸ்போவை இயக்கியதும் போர்டுகள் எஸ்ஓசியை அளவுக்கு மீறி ஏற்றியதும், சில சிப்புகள் சாக்கெட்டோடு கருகியதும் 2023-ல் வெளியே வந்தது. அதன்பின் வந்த பயாஸ்களில் 1.3 வோல்ட் என்று வரம்பு வைத்தார்கள். அதற்கு முந்தைய பயாஸில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இன்றைக்கே அப்டேட் செய்யுங்கள். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டையுமே ப்ராசஸர் நிறுவனங்கள் ஓவர்கிளாக் கணக்கில்தான் சேர்க்கின்றன, வாரண்டி விஷயத்தில் இதை நினைவில் வையுங்கள்.

கணினி எழவே இல்லையென்றால் பதற்றம் வேண்டாம். பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, போர்டில் சிஎம்ஓஎஸ் (பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் இடம்) அழிக்கும் இரு ஊசிகளை ஸ்குரூ டிரைவர் நுனியால் பத்து வினாடி சேர்த்துத் தொடுங்கள். ஊசிகள் எங்கே என்று தெரியாவிட்டால் வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் பொறுத்து மாட்டுங்கள். எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். தாளில் எழுதிவைத்த எண்கள் இப்போது உதவும்.

பயாஸ் அப்டேட் செய்தாலும் இதே கதைதான். சேமித்துவைத்த புரொஃபைல்கள் அழிந்துவிடும், பழைய புரொஃபைல் புதிய பயாஸில் ஏறாமலும் போகலாம். அப்டேட் முடிந்ததும் எண்களைக் கையால் ஒவ்வொன்றாகப் போட்டு, எஸ்ஓசி வோல்டேஜ் வரியில் ஆட்டோ என்று இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, மெம்டெஸ்ட்86-ஐ இன்னொரு இரவு ஓடவிடுங்கள்.