ஆயில் லைட்டை நம்பி டிப்ஸ்டிக்கை மறக்காதீர்கள்

போன வாரமும் ஒரு இன்ஜின் ஜாம். திருவண்ணாமலை கிரிவலம் போய்விட்டுத் திரும்பும்போது விழுப்புரம் தாண்டி நின்ற வண்டியை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் கார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரே கையாகப் பார்த்துப் பார்த்து ஓட்டியது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டான சம்பைக் கழற்றினால், சுமார் மூன்று லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டம்ளர் ஆயில்தான் இருந்தது. அதில் விரலைத் தோய்த்து வெயிலில் காட்டினால் பொடிப்பொடியாக மினுமினுப்பு. பேரிங் ஷெல்லின் மேல்பூச்சு உரிந்து உள்ளே செம்பு நிறம் தெரிந்தது. அந்தப் பேரிங்கில் சுழலும் கிராங்க் தண்டைத் தடவினால் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது.

"சின்ன லீக்தானேன்னு விட்டேன் தம்பி. லைட் எரிஞ்சதும், அடுத்த பங்க்ல நிறுத்தி ஊத்திக்கலாம்னு வந்தேன்" என்றார்.

லீக்கை விட்டது தப்பே இல்லை. அந்தச் சின்ன லீக்கோடு அவர் இன்னும் நான்கு வருடம் ஓட்டியிருக்கலாம். லைட்டை நம்பியதில்தான் எல்லாம் போயிற்று. வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதையே நம்புகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேஷ்போர்டில் எரிகிற அந்தச் சிவப்பு ஆயில் லைட், சம்பில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று காட்டுவதில்லை. இன்ஜினுக்குள் ஆயில் பிரஷர் விழுந்துவிட்டது என்று காட்டுகிறது. பெட்ரோல் ரிசர்வ் லைட் எரிந்தால் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டலாம். ஆயில் லைட்டுக்கு அப்படி ஒரு ரிசர்வே கிடையாது. சம்பில் பாதி ஆயில் குறைந்தாலும், அடியில் பம்ப் ஆயில் உறிஞ்சும் சல்லடையான ஸ்டிரெய்னர் மூழ்கியிருக்கும் வரை பம்ப் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். பிரஷர் சரியாக இருக்கும், லைட்டும் எரியாது. ஆயில் இன்னும் இறங்கி, பம்ப் காற்றை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் எரியும். நல்ல இன்ஜின் சூடாக ரோட்டில் ஓடும்போது 3, 4 பார் பிரஷர் இருக்கும். அது அரை பாருக்கும் கீழே விழுந்தால்தான் பெரும்பாலான சுவிட்சுகள் லைட்டைப் போடுகின்றன. அதாவது, லைட் எரியும் நேரத்தில் பேரிங் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கிறது. எரிந்த அந்த இடத்திலேயே ஓரம்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். அடுத்த பங்க், தெரிந்த மெக்கானிக், இன்னும் இரண்டு கிலோமீட்டர் என்று எதுவும் கிடையாது. வளைவில் திரும்பும்போதோ பிரேக் அடிக்கும்போதோ லைட் ஒரு நொடி மின்னி அணைந்தாலும் அதே கதைதான்: ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதும் ஸ்டிரெய்னர் வெளியே தெரிகிற அளவுக்குக் குறைந்துவிட்டது. விலை உயர்ந்த சில புதிய கார்களில் அளவு காட்டும் சென்சார் தனியாக உண்டு. நம் ஊரில் ஓடும் பழைய வண்டிகளில் அது இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

சரி, அப்போ எந்த லீக்கை அடைப்பது, எதை விடுவது? முதலில் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவதால், சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்காது. இன்ஜினை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, பாண்டி வரை ஒரு முறை போய்வந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பிரஷர் சுவிட்ச் லீக் மாதிரி சில லீக்குகள் இன்ஜின் ஓடும்போது மட்டும்தான் வரும். தரை சுத்தமாக இருக்கிறது என்பதால் லீக் இல்லை என்று ஆகாது.

இன்ஜின் மேல்மூடியான டேப்பெட் கவர் ஓரத்தில் ஈரமாகத் தூசி பிடித்து நிற்கிறது, அவ்வளவுதான் என்றால் அடுத்த சர்வீஸ் வரை விடலாம். கவருக்கு அடியில் வைக்கும் பேக்கிங் சில நூறு ரூபாய் விஷயம்தான். ஆனால் அதே ஆயில் வழிந்து சைலன்சர் மேனிஃபோல்டில் சொட்டிக் கருகிய வாடை வந்தால் தள்ளிப் போடாதீர்கள், தீப்பிடிக்கும். போல்ட்டை இன்னும் இறுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். காய்ந்துபோன பேக்கிங்கை இறுக்கினால் அது பிளக்கும், கவர் வளையும். சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்பினால் உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து ஸ்டிரெய்னரை அடைக்கும்.

கிளட்ச் பக்கம், கிராங்க்கின் பின் ஆயில் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) கசிகிறதா? சீல் விலை ஒன்றுமில்லை, கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. கிளட்ச் வழுக்காத வரை பொறுத்திருந்து, கிளட்ச் பிளேட் மாற்றும் நாளில் சேர்த்துச் செய்யுங்கள். இதற்காகவே தனியாக கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

முன்பக்கச் சீல் கதை வேறு. பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல் மாதிரி டைமிங் பெல்ட் (கிராங்க்கோடு சேர்ந்து வால்வுகளை இயக்கும் பெல்ட்) உள்ள வண்டியில் அங்கே கசிந்தால் ஆயில் பெல்ட்டை ஊறவைக்கும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதை உடனே செய்யுங்கள். பிரேக் ஆயில் லீக்குக்கு ஆலோசனையே கிடையாது, வண்டியை எடுக்காதீர்கள்.

நம் கடற்கரை ஊருக்கே உரிய ஒன்று, தகரச் சம்ப் துருப்பிடித்து ஊசித்துளை விழுவது. தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் வண்டிகளில் அடிக்கடி பார்க்கிறேன். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கும் இதைச் சொல்வேன். எம்சீல் வைத்து ஓட்டாதீர்கள், சம்பை மாற்றிவிடுங்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் கசிந்தால் புது ஆயில் சீல் வாங்கும் முன், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீத்தர் பைப்பையும் பிசிவி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே சேரும் காற்று புதுச் சீலையும் ஒரு மாதத்தில் தள்ளிவிடும். இதைப் பார்க்காமல் பழைய வண்டி அப்படித்தான் என்று சொல்லும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

லீக்கோடுதான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வண்டி சமதரையில், இன்ஜின் குளிர்ந்து இருக்கட்டும். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே இருந்தால் போதும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள், அதுவும் சீலைக் கெடுக்கும். ஊற்றிய அளவையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மேல் கோட்டிலிருந்து கீழ் கோட்டுக்கு இறங்க ஒரு சர்வீஸ் காலமே ஆகிறது என்றால் நிம்மதியாக ஓட்டுங்கள். 1,000 கிலோமீட்டருக்குள் இறங்கிவிட்டால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். எந்த சீல், எவ்வளவு செலவு, ஆர்சி புதுப்பித்து இன்னும் ஐந்து வருடம் வைத்திருக்கப்போகிற வண்டியா என்றெல்லாம் உட்கார்ந்து பேசலாம். வெளியூர் கிளம்பும் முந்தின நாள் மட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள், டிக்கியில் அரை லிட்டர் அதே கிரேடு ஆயில் இருக்கட்டும்.