பதில்: சொல் விளக்கம்

நாடாளுமன்றம் கூடியிருக்கும் வாரங்களில் கோலாலம்பூரில் வெளிவரும் தமிழ் நாளேடுகளைப் புரட்டினால், அரசியல் செய்திகள் பலவும் ‘பதிலளித்தார்’ என்ற ஒரே வினைமுற்றில் வந்து முடிவதைக் காணலாம். எல்.ஆர்.டி. எனும் இலகு ரயில் தடம் எப்போது திறக்கப்படும் என்ற கேள்விக்குப் போக்குவரத்து அமைச்சர் பதிலளித்தார். ஏற்றுமதி குறித்த கேள்விக்கு முதலீடு, வாணிப, தொழில்துறைத் துணையமைச்சர் எழுத்துப்பூர்வமாகப் பதிலளித்தார். கூடுதல் கேள்விக்குப் பதிலளிக்கையில் மேலும் சொன்னார். ‘பதில்’ தமிழ்ச்சொல் அன்று. அது அரபு மொழியின் ‘பதல்’ என்ற சொல்லிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. வசூல், ஜப்தி, பாக்கி, தாக்கீது முதலிய சொற்கள் ஆட்சியாளரின் அலுவல் மொழியிலிருந்து தமிழுக்குள் நுழைந்த அதே வாயில்தான் இதற்கும் வாயில். சங்க நூல்களில் இச்சொல் இல்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘பதுலு’, ‘பதலு’ என்ற வடிவங்களில் உண்டு.

அரபு மூலத்தில் இதற்கு ‘விடை’ என்ற பொருள் கிடையாது. ஒன்றின் இடத்தில் வைக்கப்படும் மற்றொன்று, ஈடு, பண்டமாற்று என்பவையே அதன் பொருள்கள். அந்தப் பழைய பொருளை மலேசியாவில் இன்றும் நேரடியாகக் கேட்கலாம்: தாமே மெக்காவுக்குச் செல்ல இயலாதவருக்காக மற்றொருவர் நிறைவேற்றும் ஹஜ்ஜை மலாயில் ‘பாடால் ஹஜ்’ என்கிறார்கள். தமிழிலும் ‘சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம்’ என்னும்போது நாம் ஆள்வது இந்த முதற்பொருளைத்தான். இலங்கைத் தமிழர் ‘பதில் அமைச்சர்’ என்று எழுதினால், அமைச்சர் வெளிநாடு சென்றிருக்கையில் அவர் இடத்திலிருந்து பணியாற்றுபவர் என்று கொள்ள வேண்டும்; பதில் சொல்லும் அமைச்சர் என்று கொண்டால் பொருள் பிழைத்துவிடும். இரண்டாவதாக, செய்ததற்கு எதிராகச் செய்வது என்ற பொருள் கிளைத்தது. பதிலடி, பதிலுக்குப் பதில் என்பவை அவ்வகை. கேட்ட சொல்லுக்கு ஈடாகத் திருப்பித் தரும் சொல் என்பது மூன்றாவது கிளை. செய்தித்தாள் மொழியில் இந்த மூன்றாவது கிளை மற்ற இரண்டையும் மறைக்கும் அளவுக்குப் பெருத்துவிட்டது.

மறைந்திருந்த பொருள்கள் 2025-இல் மீண்டும் தலைகாட்டின. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கா மலேசியப் பொருள்களின் மீது 24 விழுக்காட்டு வரியை அறிவித்தது. ஜூலையில் அது 25 விழுக்காடு என மாறி, ஆகஸ்டில் 19 விழுக்காட்டில் வந்து நின்றது. இதனைக் குறித்து விளக்கமளிக்க மே 5-ஆம் நாள் மலேசிய மக்களவையின் சிறப்புக் கூட்டமும் நடைபெற்றது. பிற நாடுகள் தன்மீது விதிக்கும் தடைகளுக்கு ஈடாக விதிப்பது என்ற கருத்தில் அமெரிக்கா அந்த வரிக்குப் பெயர் சூட்டியிருந்தது. மலாய் ஊடகங்கள் அதைத் ‘திம்பால் பாலாஸ்’ வரி என்றன. தமிழில் ‘பரஸ்பர வரி’, ‘பதில் வரி’, ‘பதிலடி வரி’ என்று மூன்று வகையாகவும் எழுத இடமிருந்தது. சிக்கல் என்னவென்றால், மலேசியா தன் பங்குக்கு வரி விதித்து எதிர்த்தாக்குதல் நடத்தப் போவதில்லை என்று அன்றைய வாணிப அமைச்சர் தெங்கு ஸஃப்ருல் அறிவித்தபோது, அந்த விதிக்கப்படாத வரியையும் ‘பதில் வரி’ என்றே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்குள் அடித்தவன் வரியும் அடிபட்டவன் வரியும் அடங்கினால் படிப்பவர் என்ன செய்வார்? முன்னதை ‘ஈட்டு வரி’ என்றும், பின்னதை ‘எதிர்வரி’ என்றும் பிரித்திருந்தால் இக்குழப்பம் நேர்ந்திராது. ‘பரஸ்பரம்’ வடசொல் என்பது ஒருபுறமிருக்க, இருவரும் மனமொப்பிச் செய்வது போன்ற இணக்கத்தை அது காட்டிவிடுகிறது. அந்த வரியில் அத்தகைய இணக்கம் ஏதும் இருக்கவில்லை.

மலாய்ச் சொற்களையும் இங்கே கவனிக்க வேண்டும். ஏனெனில் மக்களவையின் அலுவல் மொழி மலாய், நம் செய்தியாளர் பெயர்ப்பதும் அதிலிருந்துதான். ‘பாலாஸ்’ என்றால் கடிதத்துக்கு மறுமொழி எழுதுவதும் ஆகும், பழிவாங்குவதும் ஆகும். ‘திம்பால்’ என்பது நிறையால் ஒத்திருப்பது. அதன் வழிவந்த ‘திம்பாலான்’ என்பதே துணையமைச்சரைக் குறிக்கும் சொல்லின் முற்பகுதி. ஆக, அமைச்சரின் இடத்தில் எழுந்து நிற்பவருக்கும், வரிக்கு எதிராக வரும் வரிக்கும் மலாய் ஒரே அடியிலிருந்து பெயர் தருகிறது. நம் ‘பதில்’ செய்யும் வேலையும் இதுவே. ஆனால் அவையில் அமைச்சர் தருவதை மலாய் ‘ஜவாபான்’ என்றே கூறும். ‘ஜவாப்’ அரபு; பழைய தமிழ்க் கடிதங்களிலும் ‘ஜவாப் எழுதவும்’ என்ற தொடர் உண்டு. பொறுப்புடையவரை முன்பு ‘ஜவாப்தாரி’ என்றார்கள். மலாயில் பொறுப்புக்கு வழங்கும் ‘தாங்குங்ஜவாப்’ என்ற சொல்லிலும் அதே ஜவாப் இருக்கிறது: ‘தாங்குங்’ என்றால் சுமப்பது. அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவு கூறுவதை மலாயில் படிப்பவருக்கு, சுமப்பதும் விடையிறுப்பதும் ஒரே சொல்லில் கிடைத்துவிடுகின்றன. தமிழின் ‘பொறுப்பு’ பொறுத்தல், அதாவது சுமத்தல், என்ற பாதியை மட்டும் வைத்துக்கொண்டது.

இனி, தமிழ்ச்சொல் எது? ஒன்றல்ல, பல உண்டு. தொல்காப்பியம் ‘செப்பு’ என்கிறது. ‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’ என்று இரண்டையும் பிழையின்றிக் காக்கச் சொல்கிறது. உரையாசிரியர்களும் நன்னூலாரும் ‘இறை’ என்ற சொல்லை ஆள்வார்கள். விடையிறுத்தல் என்னும்போது நம் வாயில் எஞ்சியிருப்பது அதன் சுவடு. இறை என்பது அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும் என்பதால், வரி பற்றிய கேள்விக்கு அமைச்சர் தருவதை இறை என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

அரபுச் சொல்லின் பொருளமைப்பை அப்படியே ஒத்திருக்கும் பழந்தமிழ்ச் சொல் ‘மாற்றம்’. மாற்று என்பதன் அடியாகப் பிறந்து, கைமாறாகத் தரும் சொல் எனப் பொருள் விரிந்தது அது. திருக்குறளில் அமைச்சியல் முடியுமிடத்தில் உள்ள அவையஞ்சாமை அதிகாரத்தில் இச்சொல் வருகிறது:

ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா
மாற்றங் கொடுத்தற் பொருட்டு.

அவைக்கு அஞ்சாமல் விடை சொல்வதற்காகவே அமைச்சன் நூல்களை முறையறிந்து கற்க வேண்டும் என்பது இதன் கருத்து. அமைச்சருக்கான இலக்கணத்தைத் தொகுக்கும் பகுதியில், கேட்டதற்கு மறுமொழி கூறும் திறமும் சேர்ந்திருப்பது கருதத்தக்கது. எனினும் இன்று ‘அமைச்சர் மாற்றம் கொடுத்தார்’ என்று எழுதினால், அமைச்சரவையில் யாரையோ மாற்றிவிட்டார்கள் என்றுதான் வாசகர் நினைப்பார். பொருத்தமான சொல்தான், காலம் அதை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டது.

எஞ்சி நிற்பவை ‘விடை’, ‘மறுமொழி’ ஆகிய இரண்டே. விடை என்பது ‘விடு’ என்ற அடியிலிருந்து வருவது. புதிரை விடுவிப்பது விடை. போகுமாறு விடுவதும் விடைகொடுத்தல். பள்ளித் தேர்வுத்தாளில் வினாவும் விடையும் இணைந்து நிற்பதற்குக் காரணம், அங்கே விடை வந்ததும் வினா தீர்ந்துவிடுகிறது. மறுமொழிக்கு அந்தப் பெருமிதம் இல்லை. திரும்பி வரும் மொழி என்பதற்கு மேல் அது எதையும் உறுதி கூறாது. நாடாளுமன்றத்துக்கு எது பொருந்தும் என்பதை நன்னூலின் உதவியோடு பார்க்கலாம்.

நன்னூலை இயற்றிய பவணந்தியார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். மக்களவை அலுவல் பட்டியலில் வாய்மொழிக் கேள்விகள் ‘போக்குவரத்து அமைச்சர் இன்னதைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்ற வாய்பாட்டில் அச்சிடப்படுகின்றன. வடிவத்தால் அவை ஏவலுக்கு நெருங்கியவை. கேட்பவர் விடையை முன்பே அறிந்திருப்பதும் உண்டு என்பதால், பலவற்றை அறிவினா என்றும் வகைப்படுத்தலாம். விடையின் வகைகள் இதைவிடச் சுவையானவை. பினாங்கில் அமையும் முத்தியாரா எல்.ஆர்.டி. தடத்தை எடுத்துக்கொள்வோம். சிலிக்கான் தீவிலிருந்து ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரம் வழியாகப் பெருநிலத்தின் பினாங்கு சென்ட்ரல் நிலையம் வரை செல்லவிருக்கும் இத்திட்டத்தை 2024-இல் கூட்டரசு ஏற்றுக்கொண்டது, 2025 ஜனவரியில் பணி தொடங்கியது, 2031 இலக்கு. ‘அந்த ஆண்டுக்குள் முடியுமா?’ என்று ஓர் உறுப்பினர் கேட்கிறார் என்று கொள்வோம். பின்வரும் விடைகள் நான் அமைத்தவை. எந்த அமைச்சரும் சொன்னவை அல்ல.

‘முடியும்’ என்றால் நேர்விடை. ‘முடியாது’ என்றால் மறைவிடை. ‘கால அட்டவணை இதோ’ என்று தாளைக் காட்டினால் சுட்டு. இம்மூன்றும் கேட்டதற்கு நேராக நிற்பவை. ‘அதை மாநில அரசையே கேளுங்கள்’ என்பது ஏவல் விடை. ‘தொடங்கியதை முடிக்காமல் விடுவோமா?’ என்பது வினா எதிர் வினாதல். வினாவுக்கு எதிராக வரும் வினாவும் செப்பே என்று தொல்காப்பியமே இதற்கு இடம் தந்திருக்கிறது. ‘நிலம் எடுப்பதில் தடங்கல் ஏற்பட்டது’ என்பது உற்றது உரைத்தல். ‘கட்டுமானப் பொருள்களின் விலை ஏறும்’ என்பது உறுவது கூறல். ‘பேருந்துச் சேவை கூட்டப்படும்’ என்பது இனமொழி, ‘ஆடுவாயா?’ என்றவனிடம் ‘பாடுவேன்’ என்றது போல. எனக்குத் தெரிந்தவரை, அமைச்சர்களுக்கு மிகப் பிடித்த வகை இந்தக் கடைசி வகைதான். தொழில்துறை பற்றிய கேள்விக்கு முதலீட்டுத் தொகையும், முதலீடு பற்றிய கேள்விக்கு வேலை வாய்ப்பும் கிடைக்கும்.

இறுதி ஐந்தும் நேர்விடை அல்லவெனினும், பொருளோடு தொடர்புடையதால் விடையாகவே கொள்ளப்படும் என்கிறார் நன்னூலார். இலக்கணத்துக்கு இந்தத் தாராளம் தகும். செய்தி எழுதுபவருக்கு அது போதாது. ‘முடியும்’ என்று அமைச்சர் சொன்னதையும், ‘பேருந்து கூட்டப்படும்’ என்று சொன்னதையும் ஒரே ‘பதிலளித்தார்’ மூடிவிடும்போது, தடம் எப்போது முடியும் என்று அறிய விரும்பிய, பினாங்குத் தீவின் பயான் லெப்பாஸ் வாசகர் ஏமாந்து போகிறார். எனவே அவையில் வருவதற்கெல்லாம் பொதுப்பெயராக ‘மறுமொழி’யையும், கேட்டதைத் தீர்த்து வைக்கும் மறுமொழிக்கு மட்டும் ‘விடை’யையும் வைத்துக்கொள்வது தக்கது என்பது என் கருத்து. மறுமொழி கிடைத்தும் விடை கிடைக்காதபோது எழுவதே கூடுதல் கேள்வி. விவாதத்தின் முடிவில் அமைச்சர் ஆற்றும் உரையை மலாயில் சுருட்டுதல் என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். அதைப் ‘பதிலுரை’ என்பதைவிடத் ‘தொகுப்புரை’ என்பது நேரானது.

‘பதில்’ என்ற சொல்லையே விலக்க வேண்டுமா என்றால், தேவையில்லை. பேச்சில் அது வேரூன்றிவிட்டது. ‘பதிலாக’ என்னும் இடத்தில் அதன் பிறப்புப் பொருளே வழங்குவதால் அங்கே பிழையும் இல்லை. ‘எழுத்துப்பூர்வ பதில்’ என்ற தொடர்தான் திருத்தத்துக்கு உரியது: ‘பூர்வ’ வடமொழி, ‘பதில்’ அரபு, ‘எழுத்து’ மட்டும் தமிழ். வாய்மொழிக் கேள்விக்கான நேரம் தீர்ந்து, எட்டப்படாத கேள்விகளுக்கு அமைச்சு தாளில் தருவதை ‘எழுத்து மறுமொழி’ என்றாலே போதும். பினாங்குச் சட்டமன்றச் செய்திகளுக்கும் இதே தொடர் பொருந்தும்.