நேர்சிங் படிக்கக் காசு கட்டுமுன்

ஏ.எல் பெறுபேறு வந்த கையோடு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வீதியோரம் பதாகைகள் ஏறிவிடும். ‘நேர்சிங் டிப்ளோமா, குறுகிய காலத்தில் வேலை.’ அதை நம்பித் தாலிக்கொடியை அடகு வைத்துக் காசு கட்டிய தாய்மாரை எனக்குத் தெரியும். படிப்பு முடிந்து சான்றிதழும் கிடைத்த பிறகுதான் அந்தப் பிள்ளைகளுக்கு விளங்கியது, அதை வைத்து அரச ஆஸ்பத்திரியில் தாதியாக நிற்க முடியாது என்று. இனி ஒரு குடும்பமாவது காசு கட்டுமுன் இதை வாசிக்கட்டும்.

இலங்கையில் பதிவுபெற்ற தாதியாக வேண்டுமென்றால், 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தாதியர் சபையின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் நம்பகமான வழிகள் இரண்டு. ஒன்று சுகாதார அமைச்சின் மூன்று வருடப் பயிற்சி. அதற்கான கல்லூரிகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கின்றன. மற்றது நான்கு வருடத் தாதியியல் பட்டம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் அது உண்டு. இரண்டுக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. அமைச்சின் பயிற்சியில் மாதாமாதம் கொடுப்பனவும் தருகிறார்கள். ஆகவே ‘மட்டக்களப்புக் கல்லூரியில் இடம் எடுத்துத் தாறன், கொஞ்சம் செலவாகும்’ என்று யாராவது வந்தால் அவருடைய பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கல்லூரி தன் பாட்டில் யாரையும் சேர்ப்பதில்லை. தெரிவு முழுவதும் கொழும்பில், அமைச்சில்தான் நடக்கிறது.

உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், மருந்தியல், போசணை எல்லாம் படித்து, மருத்துவ வார்ட், சத்திரசிகிச்சை வார்ட், பிரசவ அறை, சிறுவர் வார்ட், உளநலப் பிரிவு என்று ஒவ்வொன்றிலும் நின்று பழக வேண்டிய படிப்பு இது. ஆறு மாதத்தில் இதை முடித்துத் தருகிறோம் என்பவர்கள் கற்றுத் தருவது வேறொரு வேலையை.

அந்த வேறு வேலை என்ன? பெரும்பாலும் தாதி உதவியாளர் அல்லது பராமரிப்பாளர். என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) நான்காம் மட்டச் சான்றிதழ் என்றால் அதற்கும் மதிப்பு உண்டு, வெளிநாட்டில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக உதவும். அதைச் சொல்லி விற்றால் குறையில்லை. தாதி ஆகலாம் என்று சொல்லி விற்பதுதான் அநியாயம். கலைப் பிரிவில் படித்த பிள்ளையைக்கூட ‘எந்தப் பிரிவென்றாலும் பரவாயில்லை’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள். படுவான்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி அப்படிச் சேர்ந்து படித்தாள். இப்போது ஒரு தனியார் மருந்தகத்தில் நிற்கிறாள், வீட்டில் அடகு இன்னும் மீளவில்லை. வளைகுடாவுக்குப் போய்ச் சமாளிக்கலாம் என்பதும் நடக்காது. அங்கே தாதியாகப் போக, உங்கள் சான்றிதழையும் சொந்த நாட்டுப் பதிவையும் அவற்றைக் கொடுத்த இடத்திடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள்.

காசு கட்டுமுன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: ‘உங்களிடம் படித்து முடித்தவர்கள் தாதியர் சபையில் பதிவாகியிருக்கிறார்களா? எழுத்தில் தாருங்கள்.’ மூன்றாம்நிலை தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறது என்று கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய தாளைக் காட்டுவார்கள். அது நிறுவனத்தின் பதிவு. நீங்கள் தாதியாகப் பதிவாவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி அரச வழி. அமைச்சின் பயிற்சிக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட வருடத்தில் உயர்தரம் எழுதிய பிள்ளைகளைக் கூப்பிட வருடக்கணக்கில் தாமதமாவதும் உண்டு. அந்தக் காத்திருப்பைக் காட்டித்தான் பதாகைக்காரர்கள் பிள்ளைகளை இழுக்கிறார்கள். அமைச்சு நேரத்துக்குக் கூப்பிட்டால் பாதி ஏமாற்று தானாக ஒழியும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், தமிழிலும் இணையத்தில் கிடைக்கும். வாரம் ஒருமுறை பாருங்கள். ‘வந்தால் சொல்லுவாங்கள்’ என்று இருந்தவர்கள் பலருக்கு முடிவுத் திகதி கடந்த பிறகுதான் தெரிய வந்தது.

உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் மூன்றும் சித்தி என்றதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பல விண்ணப்பங்கள் சாதாரண தரத்தில்தான் விழுகின்றன. மொழி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றில் எந்தத் தரச் சித்தி, எத்தனை அமர்வுக்குள் என்பதை அந்த வர்த்தமானியிலேயே வரிவரியாகப் பாருங்கள். போன முறை வந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தகைமைகள் யாவும் முடிவுத் திகதியன்று கையில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தைத் திரும்ப எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவருக்கு அந்த முறை கணக்கில்லை. வயது, உடற்தகுதி நிபந்தனைகளும் அங்கேயே இருக்கும்.

அடுத்த பொறி பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, பரீட்சைச் சான்றிதழில் தகப்பன் பெயர் வேறு விதம். எங்கள் மாவட்டங்களில் இது இல்லாத வீடு குறைவு. நேர்முகப் பரீட்சை மேசையில் இதைக் கண்டுபிடித்தால் ‘திருத்திக்கொண்டு வாங்க’ என்று திருப்பி அனுப்புவார்கள். திருத்தம் வாரங்களில் முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்டால் பதிவாளர் என்பார்கள், பதிவாளரிடம் போனால் இன்னொரு கடிதம் கேட்பார். விண்ணப்பம் வருமுன்னரே மூன்று ஆவணங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சிறிய வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசியை ஏற்பதுண்டு. ஏற்பார்கள் என்று நம்பி இருக்காமல் பிறப்புப் பதிவுத் திருத்தத்தையும் தொடங்கிவிடுங்கள். சான்றிதழ்களின் மூலப் பிரதியை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். விண்ணப்பத்தைத் தபாலில் கேட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ‘உங்கட விண்ணப்பம் வரவே இல்லை’ என்ற பதிலுக்கு அந்தத் துண்டு ஒன்றுதான் மருந்து.

பட்டப்படிப்புக்கு வழி வேறு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தாதியியலுக்கும் தனிக் குறியீடு உண்டு. மருத்துவத்தை மட்டும் வரிசையாகப் போட்டுத் தாதியியலை விட்டவருக்கு, இசட் புள்ளி போதுமாக இருந்தாலும் இடம் கிடையாது. கிழக்கை மட்டும் போடாமல் யாழ்ப்பாணம், பேராதனை, ருகுணு என்று கீழே அடுக்குங்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டம் ஏற்கெனவே பதிவான தாதியருக்கானது. ஏ.எல் முடித்த கையோடு அதைக் காட்டி யாரும் உங்களைச் சேர்க்க முடியாது.

ஏற்கெனவே காசு கட்டி ஏமாந்தவர்கள் விளம்பரத் துண்டு, பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977இல் அழைத்தும் விசாரிக்கலாம். முறைப்பாட்டுக்கு மூன்று மாதக் கெடு உண்டு, வெட்கப்பட்டு நாளைக் கடத்த வேண்டாம். ஒரு நிறுவனம் பற்றிச் சந்தேகம் இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியைக் கேட்டுத் தாதியர் சபைக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டியது அவர்களுடைய கடமை. தமிழிலேயே எழுதுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.